மூன்றாவது சுவிட்ச்

வெள்ளவத்தை
14 ஜனவரி 2024

அன்பான அண்ணா,

நாளைக்குப் பொங்கல். பல்கனியில பொங்கினால் மேல்வீட்டுக்காரர் புகை எண்டு சண்டைக்கு வருவினமோ எண்டு அம்மா காலமையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டு திரியிறா. அவவுக்கு இடது முழங்கால் நோ குறைய, வலது முழங்காலில தொடங்கியிருக்கு. மற்றும்படி நாங்கள் ரெண்டு பேரும் சுகம். நீங்களும் அண்ணியும் அபிஷனும் அந்தக் குளிருக்குள்ள எப்பிடி இருக்கிறியள் எண்டு எழுதுங்கோ.

கோல் எடுக்காமல் ஏன் ஈமெயில் எழுதுறாள் எண்டு யோசிப்பியள். இந்த ரெண்டறை பிளாற்றில நான் போனில கதைக்கத் தொடங்கினால் அம்மா பக்கத்தில வந்து நிண்டுடுவா. கடைசியில போனை வாங்கி, பேரன் சாப்பிட்டவனோ எண்டு கேக்கிறதோட கோல் முடிஞ்சிடும். வேலை விஷயம் அந்தரத்தில நிக்கும். அதால வேலை விஷயத்தை இனி எழுதுறன்.

எங்கட கொம்பனியின்ர கொட்டாஞ்சேனைக் கந்தோர் இப்ப ஒழுங்காயிருக்கு. நாகேந்திரம் அண்ணை கீழ இரும்புக்கடைக்காரரோட கதைச்சு எனக்கெண்டு தனி வயர் இழுத்துத் தந்தவர். பாவம், மனேஜர் எண்டு பேர்தான், தேத்தண்ணியும் அவர்தான் போடுறார். மீரா சாஹிப்பின்ர யாழ்ப்பாணம் பஸ்களுக்கு நாங்கள் செய்து குடுக்கிற யூஎஸ்பி சார்ஜ் போட்டுகளுக்கு நீங்கள் அனுப்பின மூண்டு விதச் சுவிட்ச் சிப்பும் வந்து சேர்ந்தது. நாளையண்டைக்குச் சோதனை தொடங்குறன்.

ராத்திரிச் சாப்பாட்டில அம்மா கேட்டா, "போன் சார்ஜ் போடுற ஓட்டைக்கு என்னடி அவ்வளவு சோதிக்கக் கிடக்கு?" எண்டு. நான் சொன்னன், ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலயும் அரிசியளவில ஒரு சுவிட்ச் இருக்கு அம்மா, ஆரும் பழுதான வயரைக் கொண்டுவந்து குத்தினால் அது தானாய்க் கரண்டை வெட்டிவிட வேணும், அது வெட்டுதோ இல்லையோ எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை எண்டு. "அப்ப நீ நாள் முழுக்கப் பழுதாக்கிப் பழுதாக்கிப் பாக்கப்போறாய்" எண்டா. சரியாய்த்தான் பிடிச்சிருக்கிறா.

அம்மாவின்ர விசாவுக்கு நீங்கள் கேட்ட பேப்பருகள் எல்லாம் அனுப்பிப்போட்டன். கோடைக்கு உங்கட வீட்டில நிப்பன் எண்டு கோயிலில காணிற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரியிறா.

உங்கள் தங்கை
உஷாந்தி


மார்க்கம்
16 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி,

பொங்கல் வாழ்த்துகள். பால் நல்லாய்ப் பொங்கினதோ? இஞ்சை மைனஸ் பதினெட்டு. அபிஷனுக்குத் தடிமன். ரூபிகாவுக்கு வேலையில ஆள் குறைச்சதில ரெண்டாளின்ர வேலை. எனக்கு இடுப்பு நோ, பனி வழிச்சது. அவ்வளவுதான். சுகம் எண்டு சொல்லலாம்.

நீ முந்தின வேலையை விட்டிட்டு எங்கட கொம்பனிக்கு வந்தது எனக்கு எவ்வளவு பலம் எண்டு உனக்குத் தெரியாது. மீரா சாஹிப் முதல் கேட்ட கேள்வியே "ஆர் இதைச் சோதிக்கிறது?" எண்டுதான். உன்ர பேரையும் நீ முந்தி இருந்த இடத்தையும் சொன்னன். அதோட சரி எண்டிட்டார். அவருக்குப் பெப்ரவரி நடுவில றிப்போட் வேணும். உன்ர கையெழுத்தோட.

நித்திரை ஒழுங்காய் வருதோ? டிவோர்ஸ் நடந்த நேரம் நீ குளிசையோட இருந்தது எனக்கு இப்பவும் மனசில கிடக்கு. உடம்பைப் போட்டு வருத்தாதை.

அம்மாவின்ர விசாவை லோயரிட்டைக் குடுத்திட்டன். கோடைக்கு அம்மா இஞ்சை.

அன்பு அண்ணா
லவன்


வெள்ளவத்தை
11 பெப்ரவரி 2024

அன்பான அண்ணா,

உங்கட இடுப்பு எப்பிடி? அம்மா எண்ணெய் அனுப்பச் சொல்லி நிக்கிறா. ஆர் கொண்டுவாறது எண்டுதான் தெரியேல்லை. அபிஷன்ர தடிமன் மாறியிருக்கும் எண்டு நம்புறன். எனக்கு நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம்.

சோதனை முடிஞ்சுது. நேராய்ச் சொல்லுறன், மூண்டாவது சிப் சரிவராது.

பஸ்ஸுக்குள்ள என்ன சூடு வரும் எண்டதை நான் கற்பனையில போடேல்லை. தெமட்டகொடையில மீரா சாஹிப்பின்ர பஸ்கள் நிக்கிற யார்ட்டுக்கு ஒரு மத்தியானம் போனனான். பூட்டின பஸ்ஸுக்குள்ள சீற்றுக்குக் கீழ மீற்றரை வைச்சிட்டு வெளிய வந்து நிண்டன். அந்த இரும்பில கை வைக்கேலாது. அதே சூட்டை ஒரு மரப்பெட்டிக்குள்ள பல்ப்புகளை எரிச்சு உண்டாக்கி, அதுக்குள்ள மூண்டு சுவிட்ச்சையும் போட்டு, போட்டின்ர ரெண்டு முனையையும் சோர்ட் பண்ணினன்.

முதலாவது உடன வெட்டிச்சுது. பிழையை எடுக்கும் வரைக்கும் திரும்பி வரேல்லை. ரெண்டாவது வெட்டும், கொஞ்சம் ஆறும், திரும்பி வந்து பாக்கும், பிழை இருந்தால் திரும்ப வெட்டும். நாள் முழுக்க அப்பிடியே விட்டன். அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. மூண்டாவது, மேசையில வைச்சால் நல்ல பிள்ளை. பெட்டிக்குள்ள வைச்சால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிந்தி வெட்டுது. அரை மணித்தியாலத்தில வெட்டுறதையே விட்டிட்டுது. உள்ளுக்கை உருகி ஒட்டிப்போச்சு. அதுக்குப் பிறகு அது சுவிட்ச் இல்லை அண்ணா, கம்பித்துண்டு. போட்டின்ர பிளாஸ்ரிக் நெளிஞ்சு புகைக்கத் தொடங்கிச்சுது. நாகேந்திரம் அண்ணை கீழயிருந்து ஓடிவந்து "பிள்ளை, என்ன எரியுது?" எண்டு கேட்டவர்.

ஒண்டு தற்செயலாய்ப் போயிருக்கும் எண்டு வேற சிலதையும் போட்டுப் பாத்தன். அரைவாசிக்கு மேல அப்பிடியே போச்சுது.

முதலாவது விலை கூட, ரெண்டாவது போதும். அதோட போவம் எண்டு எழுதிவிடட்டோ?

உஷாந்தி


மார்க்கம்
3 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி,

பிந்தினதுக்குக் குறை நினையாதை. அம்மாவின்ர முழங்காலுக்கு இஞ்சை ஒரு டொக்டரைக் கேட்டன். நடக்கிறதைக் குறைக்காமல் படியைக் குறைக்கச் சொல்லுறார். லிப்ற் பழுதெண்டால் அவ கீழ இறங்க வேண்டாம், நீயே மரக்கறி வாங்கு. அபிஷனுக்கு மிருதங்கம் பழக்கத் தொடங்கியிருக்கிறம். ரூபிகா இனிப்பைக் குறைச்சு எட்டு இறாத்தல் இறங்கியிருக்கிறா. போன கிழமை நாங்கள் பழைய வீட்டில எடுத்த படம் ஒண்டு பெட்டிக்குள்ள கிடந்தது, நீ முன்பல் இல்லாமல் சிரிக்கிறாய். ரூபிகா நல்லாய்ச் சிரிச்சா.

சுவிட்ச் விஷயம் பாத்தன். நீ கவனமாய்ச் செய்திருக்கிறாய், அதில கதையில்லை. ஆனால் இது பஸ், ரொக்கற் இல்லை. வேலையா மெனக்கெட்டுச் சோர்ட் பண்ணி, பெட்டிக்குள்ள வைச்சுக் கொதிக்க வைக்கிறது நீ ஒருத்திதான். அதோட ஒவ்வொரு வரிசைக்கும் பியூஸ் இருக்கு. சுவிட்ச் விட்டாலும் பியூஸ் பிடிக்கும். மூண்டாவதோட போவம். சாதாரண அறைச் சூட்டில பாத்த முடிவை மட்டும் போட்டு றிப்போட்டை எழுதி அனுப்பு.

நல்லாய்ச் சாப்பிடு. நித்திரை கொள்ளு.

அண்ணா


வெள்ளவத்தை
6 மார்ச் 2024

அன்பான அண்ணா,

அம்மா சுகம், மரக்கறி நான்தான் வாங்குறன். எல்லாரும் சுகமாயிருக்க வேணும்.

அந்தப் பியூஸ் பத்துச் சீற்றுக்கு ஒண்டு. பத்துப் பேரும் ஒரே நேரம் சார்ஜ் போட்டாலும் தாங்க வேணும் எண்டு கணக்குப் பாத்துப் போட்டது. பழுதான ஒரு சீற் தனிய அந்தப் பத்துப் பேரின்ர கரண்டையும் இழுத்தால் பியூசுக்கு அது விளங்காது. பத்துப் பேர் சார்ஜ் போடினம் எண்டு நினைச்சுக்கொண்டு சும்மா இருக்கும். இது எனக்கு முன்னம் உங்களுக்குத் தெரியும் அண்ணா. நீங்கள்தானே இந்தச் சேர்க்கிற்றைக் கீறினது.

இன்னும் ஒரு விஷயம். ரெண்டாவது சிப் வேற கிடக்குதோ எண்டு பாக்க நாகேந்திரம் அண்ணையிட்டை ஸ்ரோர் அறையைத் திறக்கச் சொன்னனான். உள்ளுக்கை மூண்டாவது சிப்தான் சுருள் சுருளாய்க் கிடக்கு. ஆயிரம் பஸ்ஸுக்குக் காணும். "உது எப்ப வந்தது?" எண்டு கேட்டன். "கார்த்திகையிலயே வந்திட்டுது பிள்ளை. லவன் தம்பி அங்கயிருந்து ஓடர் போட்டவர். உமக்குச் சொல்லேல்லையோ?" எண்டார்.

கார்த்திகையில வாங்கின சாமானை நான் தையில எதுக்குச் சோதிச்சனான்? எனக்கு விளங்கேல்லை, நீங்கள் விளங்கப்படுத்துங்கோ. அறைச் சூட்டு முடிவை மட்டும் போட்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன்.

உஷாந்தி


மார்க்கம்
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சி,

புதுவருச வாழ்த்துகள், கொஞ்சம் பிந்திப்போச்சு. எல்லாரும் சுகம். அம்மாவின்ர இருமல் நிண்டதோ?

றிப்போட்டைப் பற்றி யோசிக்காதை, இஞ்சை எனக்குத் தெரிஞ்ச ஒராளைக் கொண்டு செய்விச்சிட்டன். மூண்டாவதைப் பஸ்களில பூட்டுற வேலையை நாகேந்திரம் அண்ணை பாப்பார். நீ கொஞ்ச நாள் லீவு எடுத்து வீட்டில நில். கடைசியாய் நீ எழுதினதைப் பாத்தால் களைச்சுப்போனாய் எண்டு தெரியுது. தனிய இருந்து கனக்க யோசிக்கிறது உனக்குக் கூடாது.

அம்மாவின்ர விசாவுக்கு லோயர் இன்னும் ரெண்டொரு பேப்பர் கேக்கிறார். ஆறுதலாய்ப் பாப்பம். அவசரமில்லைத்தானே.

லவன்


வெள்ளவத்தை
2 மே 2024

அன்பான அண்ணா,

இருமல் நிண்டிட்டுது. ஆனால் விசாவுக்கு அவசரமில்லை எண்டு நீங்கள் எழுதினதை நான் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டேல்லை. சூட்கேஸ் வாங்கி வெயிலில காயவைச்சிருக்கிறா.

நான் வேலையை விட்டிட்டன். லீவு எடுக்கேல்லை. நாகேந்திரம் அண்ணையிட்டைக் கந்தோர்க் கதவுத் திறப்பைக் குடுத்துப்போட்டு வந்தனான். அவர் கண்கலங்கினார். "அண்ணன் தங்கச்சிக்குள்ள நான் என்னத்தைச் சொல்ல" எண்டார்.

உங்களுக்கு மறைச்சு ஒண்டும் செய்யக்கூடாது எண்டதால இதையும் எழுதுறன். நேற்று நான் காலி வீதியில மீரா சாஹிப்பின்ர புக்கிங் கந்தோருக்குப் போனனான். உருகின போட்டை அவற்ற மேசையில வைச்சு, மூண்டாவது சுவிட்ச்சை உங்கட பஸ்ஸில பூட்ட விடாதைங்கோ எண்டு சொன்னனான். மனிசன் ஒரு வார்த்தை இடைமறிக்கேல்லை. பிளேன்ரீயும் பேரீச்சம்பழமும் எடுப்பிச்சார். "நான் விசாரிக்கிறன் தங்கச்சி" எண்டு மட்டும் சொன்னார். நேர்மையான ஆள் போலதான் தெரிஞ்சுது. இண்டைக்குப் பின்னேரம் கேட்ட விஷயம் என்னாச்சு எண்டு திரும்பப் போனன். இந்த முறை வேற மாதிரி. கந்தோர்ப் பெட்டை ஒண்டைக் கூப்பிட்டு, என்னை றோட்டைக் கடத்தி, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். நான் எத்தினை வருசமாய்க் கடக்கிற றோட். எனக்குச் சிரிப்பு வந்தது.

நீங்கள் கோவிப்பியள் எண்டு தெரியும். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலயும் என்ர நித்திரையைக் கேக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான். அதுக்காகவெண்டாலும் என்னில கோவம் நிக்காது எண்டு நினைக்கிறன்.

உஷாந்தி


மார்க்கம்
3 மே 2024

அன்புத் தங்கச்சி,

உன்னில எனக்கு என்ன கோவம்? ஒண்டுமில்லை. நீ சுகமாயிருந்தால் அது போதும்.

பொரளையில நீ முந்திக் காட்டின டொக்டரிட்டை ஒருக்கால் போட்டு வா. வெக்கப்பட ஒண்டுமில்லை, இஞ்சை எல்லாரும் போறவை. அம்மாவிட்டையும் சொல்லியிருக்கிறன், உன்னைத் தனிய விட வேண்டாம் எண்டு.

நல்ல செய்தி: அம்மாவுக்குக் கைரேகை குடுக்கிற திகதி வந்திட்டுது. இனி எல்லாம் கெதியாய் நடக்கும். மற்ற விஷயங்களை மற.

அன்பு அண்ணா
லவன்


வெள்ளவத்தை
19 ஆகஸ்ட் 2024

அண்ணா,

அம்மா சுகம். உங்கட சுகத்தை இண்டைக்குக் கேக்க எனக்கு மனம் வரேல்லை.

போன திங்கள் மத்தியானம் சிலாபத்துக்கு இஞ்சாலை மீரா சாஹிப்பின்ர பஸ் ஒண்டு எரிஞ்சது உங்களுக்குத் தெரியும். நாகேந்திரம் அண்ணை உங்களுக்கு அண்டைக்கே கோல் எடுத்தவராம். நடுச் சீற்றில இருந்த பொம்பிளை போனைச் சார்ஜில போட்டிருக்கிறா. பழைய வயர். சீற்றின்ர பின்பக்கம் புகைச்சு, பஞ்சில நெருப்புப் பிடிச்சிருக்கு. பக்கத்தில ஒரு தாயும் கைக்குழந்தையும். அதுகள் வெளியில போகவேணும் எண்டு, இவ தன்ர கையாலயே அந்தப் போட்டைப் பிடுங்கி எறிஞ்சிருக்கிறா. பிளாஸ்ரிக் உருகிக் கையில ஒட்டிப்போச்சு. எல்லாரும் இறங்கித் தப்பிட்டினம். சீற்றுகள்தான் போச்சு. அவவின்ர வலது கையும்.

பேர் ஜெஸீமா. தெமட்டகொடை. பொரளையில ஒரு லாப்பில ரத்தம் எடுக்கிற வேலை. நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தனான். ஆர் எண்டு கேட்டா. அந்தப் போட்டைச் சோதிச்ச ஆள் எண்டு சொன்னன்.

"அப்ப இது இப்பிடி ஆகும்டு ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம்."

"தெரிஞ்சும் யாருக்கும் சொல்லல்லயா?"

"சொன்னனான். அண்ணாவுக்கும் சொன்னனான், பஸ்காரருக்கும் சொன்னனான்."

"சொல்லியுமா?" எண்டு கேட்டா. அவவின்ர தாய் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னா. என்னால இருக்க முடியேல்லை.

அங்கயிருந்து நேரே மீரா சாஹிப்பிட்டைப் போனன். கத்தத்தான் போனன். மனிசன் என்னைக் கண்டவுடன எழும்பி நிண்டார். அழுறார். "தங்கச்சி, நீங்க மொதல் நாள் வந்திட்டுப் போன ஒடனே ஒங்கட அண்ணனுக்குக் கோல் எடுத்தன். அவர் சொன்னார், தங்கச்சிக்குக் கலியாணம் கொழம்பின நாள்ல இருந்து மனசு சரியில்ல, மருந்துல இருக்கிறா, இப்பிடித்தான் ஒவ்வொருத்தர்ட்டயும் போய் எரியும் எரியும்டு சொல்லுறா, தப்பா எடுக்க வேணாம்டு. கூடப்பிறந்தவர் சொல்லக்குள்ள நான் எப்பிடி நம்பாம இருக்கிற?" எண்டார்.

பிறகுதான் அண்ணா, உங்கட கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்ப வாசிச்சன். நித்திரை வருதோ, களைச்சுப்போனாய், தனிய இருந்து யோசியாதை, டொக்டரிட்டைப் போ. நான் அதுகளைப் பாசம் எண்டு வாசிச்சனான்.

உஷாந்தி


மார்க்கம்
20 ஆகஸ்ட் 2024

உஷா,

நடந்ததில எனக்கும் கவலைதான். அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம்.

மீரா சாஹிப் பயத்தில தன்னைக் காப்பாத்தக் கதைக்கிறார். நான் சொன்னது வேற, அவர் விளங்கினது வேற. அதை நேரில கதைப்பம்.

இப்ப கவனமாய்க் கேள். பொலிஸும் இன்சூரன்ஸ்காரரும் உன்னட்டை வருவினம். எந்தச் சிப்பைப் பூட்டுறது எண்டு கொழும்பில தீர்மானிக்கிறது நாகேந்திரம் அண்ணை. ஸ்ரோர் அவற்ற பொறுப்பு. நான் இஞ்சையிருந்து அதுக்குள்ள தலையிடுறதில்லை. நீ ஏப்ரலுக்குப் பிறகு அங்கை வேலை செய்யேல்லை, உனக்கு ஒண்டும் தெரியாது. இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. அவருக்கு வயசாச்சு, பெரிசாய் ஒண்டும் செய்ய மாட்டினம்.

அம்மாவுக்கு விசா வந்திட்டுது. ரிக்கற் போடுவம் எண்டு இருந்தனான், அதுக்குள்ள இது. இது முடியட்டும்.

லவன்


வெள்ளவத்தை
1 செப்ரெம்பர் 2024

அண்ணா,

அம்மாவின்ர பிரஷர் கூடியிருக்கு. குளிசையை மாத்தித் தந்திருக்கினம். உங்கட வீட்டில எல்லாரும் நலமாயிருக்கட்டும்.

விசா வந்ததை நீங்கள் அம்மாவுக்கே போனில சொல்லியிருக்கிறியள். ரிக்கற் ஏன் பிந்துது எண்டதையும் சொல்லியிருக்கிறியள். நான் வேலை தேடித் திரிஞ்சிட்டு வர, கதிரையில இருந்து அழுறா. "நீ வாயைத் திறவாமல் இருந்தால் என்ன குறைஞ்சு போகும்? அவன் என்ர பிள்ளை. அந்த நாகேந்திரம் ஆர் எங்களுக்கு?" எண்டு கேக்கிறா. அவவோட நான் சண்டை பிடிக்கேல்லை. பேரனை ஒருக்காலும் தூக்காத மனுசி அவ.

நாகேந்திரம் அண்ணையை ரெண்டு நாள் பொலிஸில வைச்சிருந்து விட்டவை. அவற்ற மனுசி எங்கட வீட்டுக்கு வந்தவ. எங்கட வாசலில செருப்பைக் கழற்றிப்போட்டு, உள்ளுக்கை வராமல் நிண்டவ. "லவன் தம்பி சொன்னதைத்தானே அவர் செய்தவர், அதை ஒருக்கால் சொல்லுவீரோ பிள்ளை?" எண்டு கேட்டா. அம்மா அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவ.

நான் சொல்லப்போறன் அண்ணா. வாற புதன் சிலாபம் பொலிஸில என்ர வாக்குமூலம். ஓடர் போட்டது நீங்கள், சூட்டில உருகும் எண்டு நான் உங்களுக்குப் பெப்ரவரியிலயே சொன்னது, றிப்போட்டை நீங்கள் வேற ஆளைக் கொண்டு எழுதுவிச்சது, மீரா சாஹிப்புக்கு நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது, எல்லாம். உங்களுக்குப் பின்னால போய்ச் சொல்லக்கூடாது எண்டதாலதான் முதலே எழுதுறன்.

அதுக்கு முன்னம் நீங்களாய்ச் சொன்னால் நான் அண்டைக்குச் சிலாபம் போக மாட்டன். நீங்கள் சொன்னால் அது வேற, நான் சொன்னால் அது வேற. செவ்வாய் இரவு மட்டும் பாத்திருப்பன்.

உஷாந்தி


வெள்ளவத்தை
15 டிசெம்பர் 2024

அண்ணா,

நீங்கள் மறுமொழி போடேல்லை. நான் புதன்கிழமை போய்ச் சொன்னன். அதுக்குப் பிறகு உங்களிட்டையிருந்து வந்தது ஒரு வரி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வாறன், வான் வரும், வெளிக்கிட்டு நிக்கச் சொல்லு எண்டு.

ஒன்பது வருசத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்தனீங்கள். கடற்கரைப் பக்கம் ஹோட்டலில நிண்டனீங்கள் எண்டு வான் றைவர் சொன்னார். மேல வரேல்லை. சூட்கேசை நான்தான் கீழ இறக்கினன். அண்டைக்கும் லிப்ற் வேலை செய்யேல்லை, அம்மா ஒவ்வொரு படியாய்ப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினா. வானில ஏறினாப்பிறகு கண்ணாடியை இறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தா. நான் வெளியில நிண்டு கையால காட்டினன். அதுக்குள்ள வான் எடுத்திட்டுது.

இஞ்சத்தை விஷயம் உங்கட லோயர் சொல்லியிருப்பார். நாகேந்திரம் அண்ணையை வழக்கில இருந்து விட்டிட்டினம். நீங்கள் திரும்பிப் போன பிறகு உங்கட பேரைச் சேர்த்திருக்கினம், ஆனால் நீங்கள் கோட்டில வந்து நிண்டால்தான் அது நகரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். மீரா சாஹிப் எல்லா பஸ்ஸிலயும் போட்டுகளைக் கழற்றிப்போட்டார். அந்த ஓட்டைகளுக்கு மேல ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கு. ஜெஸீமாவுக்கு ரெண்டு விரல் மடங்காது. ஊசி பிடிக்கேலாது. அதே லாப்பில இப்ப வாசலில இருந்து நம்பர் துண்டு குடுக்கிறா. போன மாசம் போனன். "வந்தா இரிக்கணும், நிக்கிறதெண்டா வர வேணாம்" எண்டா. இருந்தன்.

நான் மூண்டு இடத்தில இன்ரவியூ போனன். ரெண்டு இடத்தில, சொந்த அண்ணனையே காட்டிக் குடுத்த ஆள்தானே எண்டு பின்னால கதைச்சதாய்க் கேள்வி. மூண்டாவதில ஒண்டும் சொல்லேல்லை, கூப்பிடவுமில்லை. வீட்டில இருந்து பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதிறதில்லை எண்டுதான் இருந்தனான். போன ஞாயிறு அம்மா கோல் எடுத்தவ. போன பிறகு முதல் கோல். உங்கட வீட்டின்ர சத்தம் பின்னால கேட்டுது, அபிஷன் மிருதங்கம் அடிக்கிறான், ஆரோ சிரிக்கினம். பனியைப் பற்றிச் சொன்னா, அண்ணி வாங்கித் தந்த சப்பாத்தைப் பற்றிச் சொன்னா. பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில ஆக்கள் கேக்காத மாதிரிக் கேட்டா:

"பிள்ளை, நீ ஒழுங்காய் மருந்து எடுக்கிறியோ? அண்ணா எல்லாம் எனக்குச் சொன்னவன். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில இருந்தும் எனக்கு விளங்காமல் போச்சே. நீ அண்டைக்குப் பொலிஸில போய்ச் சொன்னதும் அந்த வருத்தத்தாலதான். உன்னில பிழையில்லை மோனை. நான் உன்னைக் கோவிச்சதுதான் பிழை."

மூண்டு மாசமாய் என்னோட முகம் குடுத்துக் கதைக்காத மனுசி அண்ணா. எவ்வளவு ஆறுதலாய்க் கதைச்சா தெரியுமோ. நான் விசரி எண்டால் அவவுக்கு ரெண்டு பிள்ளையளும் நல்ல பிள்ளையள். இல்லையெண்டால், தான் ஆரின்ர வீட்டில இருந்து சாப்பிடுறன் எண்டு அந்த வயசில அவ யோசிக்க வேணும்.

"ஓம் அம்மா," எண்டு சொன்னன். "ஒழுங்காய் எடுக்கிறன்."

அவவின்ர பிரஷர்க் குளிசை சிவப்பு மூடிப் போத்தலில இருக்கு, காலமை சாப்பாட்டுக்குப் பிறகு. ரெண்டு நாள் விட்டால் தலை சுத்தும், ஆனால் சொல்ல மாட்டா. நீங்கள் கேட்டுப் பாருங்கோ.

உஷாந்தி